வினவல் ஓடியது, ஆனால் ஒன்றும் வரவில்லை: பிஎச்பியில் தரவுத்தள விடையைச் சரிபார்த்தல்

"அண்ணை, ஒண்டும் வரேல்லை." எனக்கு வருகிற அழைப்புகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் தொடங்கும். நான் முதலில் கோட் (நிரல்) என்ன என்று கேட்பதில்லை. "ஒண்டும் எண்டால் என்ன தம்பி? பிழை வந்ததோ, நிரை இல்லையோ, நிரை வந்து உள்ளுக்கு வெறுமையோ?" என்று கேட்பேன். பெரும்பாலும் மறுபக்கம் கொஞ்ச நேரம் பேச்சு இருக்காது.

கடைக்குப் போய் ஒரு குட்டான் (சிறு ஓலைப் பெட்டி) பனங்கட்டி வாங்கி வரச்சொல்லி ஒரு பெடியனை அனுப்புகிறோம். அவன் மூன்று விதமாக வெறுங்கையோடு திரும்பலாம். கடை பூட்டியிருந்தது. கடை திறந்திருந்தது, பனங்கட்டி முடிந்துவிட்டது. குட்டானைத் தந்தார்கள், பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒன்றுமில்லை. முதலாவதில் வினவல் (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வி) தோற்றது. இரண்டாவதில் வினவல் சரியாக ஓடியது, பொருந்தும் நிரை இல்லை. மூன்றாவதில் நிரை வந்தது, அதிலுள்ள மதிப்பு 'நல்' (மதிப்பே இல்லை என்ற குறி) அல்லது பூச்சியம். இந்த மூன்றையும் ஒரே 'இஃப்' வரிக்குள் போட்டு அடைப்பதால்தான் கீழே உள்ள கோளாறுகளில் முக்கால்வாசி வருகின்றன.

உதாரணங்களுக்கு மருதனார்மடம் பக்கத்துக் கடையொன்றின் கணக்கு மென்பொருளை எடுத்துக்கொள்கிறேன். வாடிக்கையாளர், பொருள், விற்பனை என்று மூன்று அட்டவணைகள். தரவுத்தளம் மைஎஸ்கியூஎல். பிஎச்பி மொழி அதோடு பேச 'மைஎஸ்கியூஎல்ஐ', 'பிடிஓ' என்று இரண்டு வழிகள் உள்ளன. கட்டளைப் பெயர்களைப் போனில் சொல்லுகிறபடியே எழுதுகிறேன், அடிக்கோடுகளை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடப் புத்தகத்தில் உள்ளபடி கிடையாக வருவது நிரை. நிலைக்குத்தாக வருவதைப் புலம் என்கிறேன்.

எந்த அறிகுறியானாலும் முதலில் இதைச் செய்யுங்கள். உங்கள் சொந்தக் கணினியில் 'டிஸ்பிளே எரர்ஸ்' திறந்திருக்க வேண்டும், 'எரர் ரிப்போர்ட்டிங்' 'ஈ ஆல்' ஆக இருக்க வேண்டும். சேர்வரில் திரைக்கு எதுவும் வரக்கூடாது, எல்லாம் லொக் பைலுக்குப் போகவேண்டும். வினவலுக்கு முன்னால் யாராவது '@' குறி வைத்திருந்தால் அதை அழியுங்கள். பிழையை மறைத்து வைத்துக்கொண்டு பிழையைத் தேட முடியாது.

"மைஎஸ்கியூஎல்ஐ ரிசல்ட் வேண்டும், பூல் தரப்பட்டது" என்று 'ஃபெட்ச்' வரியில் பிழை

பிழைச்செய்தி, விடையிலிருந்து ஒரு நிரையை எடுக்கும் 'ஃபெட்ச் அசோக்' இருக்கும் வரி எண்ணைக் காட்டும். எல்லோரும் அந்த வரியையே உற்றுப் பார்ப்பார்கள். அந்த வரியில் பிழை எதுவும் இல்லை. அதற்கு மேலே உள்ள 'மைஎஸ்கியூஎல்ஐ குவெரி' தோற்று, பிஎச்பி 8.1 க்கு முந்திய இயல்பின்படி 'ஃபோல்ஸ்' (பொய்) என்ற பூலியன் மதிப்பைத் திருப்பியிருக்கிறது, அதை அப்படியே 'ஃபெட்ச்'சிடம் கொடுத்துவிட்டீர்கள். பூட்டிய கடைக்குள் கைவிட்ட மாதிரி.

உண்மையான காரணத்தை 'மைஎஸ்கியூஎல்ஐ எரர்' சொல்லும், அதன் குறி எண்ணை 'மைஎஸ்கியூஎல்ஐ எர்நோ' சொல்லும். 1064 என்றால் வினவலின் இலக்கணம் பிழை. 1054 என்றால் அந்தப் பெயரில் புலம் இல்லை. 1146 என்றால் அட்டவணையே இல்லை. 1064 வரும்போது வினவலை ஒரு மாறியில் வைத்து அப்படியே அச்சிட்டுப் பாருங்கள். மாறிகளைச் சரத்துக்குள் ஒட்டிக் கட்டியிருந்தால், ஒரு மாறி வெறுமையாகி "எங்கே எண் சமன்" என்பதோடு வினவல் நின்றிருப்பது கண்ணில் படும். அந்த இடத்தில் மேற்கோள் குறி சேர்த்து ஒப்பேற்றாதீர்கள். 'பிரிப்பேர்' செய்து, கேள்விக்குறி வைத்து, மதிப்பைத் தனியாகக் கொடுங்கள். பிஎச்பி 8.2 இலிருந்து 'மைஎஸ்கியூஎல்ஐ எக்ஸிகியூட் குவெரி' என்ற ஒரே அழைப்பில் இது முடிந்துவிடுகிறது. ஊடுருவல் (வெளியாள் தன் கட்டளையை வினவலுக்குள் நுழைப்பது) பயத்துக்காக மட்டும் சொல்லவில்லை. பெயருக்குள் ஒரு மேற்கோள் குறி வந்தாலே ஒட்டுவேலை உடைந்துவிடும்.

இன்னொன்று: வெற்றிகரமான 'இன்சேர்ட்', 'அப்டேற்', 'டிலீட்' ஆகியவையும் 'ட்ரூ' என்ற பூலியனைத்தான் திருப்பும். அவற்றின் விடையை 'ஃபெட்ச்' செய்தாலும் இதே செய்தி வரும்.

சேர்வரில் பிஎச்பியைப் புதுப்பித்த பிறகு வெள்ளைப் பக்கம்

பழைய கோட்டில் "விடை 'ஃபோல்ஸ்' என்றால் இந்தச் செய்தியைக் காட்டு" என்று ஒழுங்காகவே எழுதியிருப்பீர்கள். பல வருடம் ஓடியிருக்கும். 2021 நவம்பரில் வந்த பிஎச்பி 8.1 இலிருந்து மைஎஸ்கியூஎல்ஐயின் இயல்பு மாறிவிட்டது. வினவல் தோற்றால் 'ஃபோல்ஸ்' வராது, 'எக்ஸெப்ஷன்' (யாரும் பிடிக்காவிட்டால் ஓட்டத்தை அங்கேயே நிறுத்தும் பிழை) வீசப்படும். உங்கள் 'இஃப்' வரிக்கு ஓட்டம் வந்து சேருவதே இல்லை. பிடிஓவில் இதே மாற்றம் ஒரு வருடம் முந்தி, 8.0 இலேயே வந்துவிட்டது.

பழைய இயல்புக்குத் திருப்பும் ஒரு வரி இருக்கிறது. அவசரத்தில் பலர் அதைப் போடுகிறார்கள். நான் போடமாட்டேன். புதிய இயல்பு நல்லது, ஏனென்றால் "கடை பூட்டு" என்ற நிலையை அது மற்ற இரண்டிலிருந்தும் தானாகவே பிரித்துவிடுகிறது. 'எக்ஸெப்ஷன்' வரவில்லை என்றால் வினவல் ஓடிவிட்டது, அவ்வளவுதான். ஒவ்வொரு வினவலையும் சுற்றி 'ட்ரை', 'கட்ச்' போடத் தேவையில்லை. முழுப் பயன்பாட்டுக்கும் வெளியே ஓரிடத்தில் பிடித்து, லொக்கில் எழுதி, வாடிக்கையாளருக்கு "சற்றுப் பொறுத்து முயலுங்கள்" என்று காட்டினால் போதும். உள்ளே பிடிக்க வேண்டியது, பிடித்து வேறு ஏதாவது செய்யப்போகிற இடத்தில் மட்டும். ஒரே தொலைபேசி எண்ணை இரண்டாம் தரம் பதிய முயன்றால் 1062 என்ற பிழைக் குறி வரும். அதைப் பிடித்து "இந்த எண் ஏற்கெனவே இருக்கிறது" என்று சொல்லலாம். குறி 1062 இல்லாவிட்டால் பிடித்ததைத் திரும்ப வீசிவிட வேண்டும். வெறும் 'கட்ச்' போட்டு உள்ளே ஒன்றும் எழுதாமல் விடுவது '@' குறியைவிடப் பொல்லாதது.

"நல் மதிப்பில் அரே ஓஃப்செற்" என்ற எச்சரிக்கை

வினவல் ஓடியது, நிரை இல்லை. நீங்கள் நிரை இருப்பதாக நினைத்து "பெயர்" புலத்தைக் கேட்டுவிட்டீர்கள். பிஎச்பி 7.4 வரும்வரை இதற்கு ஒரு சத்தமும் வராது. 7.4 இல் சிறு அறிவிப்பானது, 8.0 இல் எச்சரிக்கையானது. ஆகவே இது புதிதாக முளைத்த பிழையல்ல, நெடுங்காலம் வெளியே தெரியாமல் இருந்தது.

இங்கே ஒரு நுட்பம். நிரை முடிந்தால் மைஎஸ்கியூஎல்ஐயின் 'ஃபெட்ச் அசோக்' 'நல்' தரும். பிடிஓவின் 'ஃபெட்ச்' அதே நிலையில் 'ஃபோல்ஸ்' தரும். இரண்டையும் கலந்து பாவிக்கிற கோட்டில் மூன்று சமக்குறி வைத்து ஒப்பிடும்போது ஒன்றுக்குப் பொருந்தியது மற்றதுக்குப் பொருந்தாது.

அதனால் நான் எந்த வேலையிலும் முதலில் மூன்று சிறு செயற்கூறுகளை எழுதிவைப்பேன். "ஒரு நிரை" என்பது நிரை இருந்தால் அரேயும் (மதிப்புகளின் தொகுப்பு) இல்லாவிட்டால் 'நல்'லும் மட்டுமே தரும். "பல நிரை" எப்போதும் அரே தரும், ஒன்றுமில்லாவிட்டால் வெற்று அரே. "ஒரு மதிப்பு" முதல் நிரையின் முதற் புலத்தைத் தரும். தோல்வி மூன்றிலும் 'எக்ஸெப்ஷன்' வழியே வெளியேறிவிடும். மற்றக் கோட் முழுவதும் இந்த மூன்றை மட்டும் கூப்பிடட்டும். பிறகு "வாடிக்கையாளர் 'நல்' ஆ?" என்ற ஒரே கேள்விக்கு ஒரே அர்த்தம் இருக்கும்.

முதல் நிரை மட்டும் காணவில்லை

பத்து வாடிக்கையாளர் இருக்கவேண்டிய பட்டியலில் ஒன்பது. ஒரே ஒருவர் உள்ள ஊரைத் தெரிவுசெய்தால் பக்கம் வெறுமை. இதைக் கண்டவுடன் கோட்டைப் பார்க்காமலே சொல்லிவிடலாம்: நிரை இருக்கிறதா என்று பார்க்க ஒருமுறை 'ஃபெட்ச்' செய்துவிட்டு, பிறகு 'வைல்' சுற்றில் மறுபடி 'ஃபெட்ச்' செய்கிறீர்கள். 'ஃபெட்ச்' எடுத்ததைத் திரும்ப வைக்காது. "பல நிரை" செயற்கூறால் முழுவதையும் ஒரு அரேயில் எடுத்து, அது வெறுமையா என்று பார்த்துவிட்டு 'ஃபோர்ஈச்' போடுங்கள்.

பட்டியல் நடுவில் நின்றுவிடுகிறது

இது என்னை ஒரு பின்னேரம் முழுக்க அலைய வைத்தது. பொருட்களின் கையிருப்பு அளவுகளை ஒவ்வொன்றாக எடுக்கும் சுற்று. 42, 17, 8 வந்து நின்றுவிட்டது. அட்டவணையில் முப்பதுக்கு மேல் பொருட்கள். பிழைச்செய்தி இல்லை, லொக் சுத்தம். நான்காவது பொருள் ஒடியல், கையிருப்பு பூச்சியம்.

சுற்று இப்படி இருந்தது: "அளவு சமன் 'ஃபெட்ச் கொலம்' என்று இருக்கும்வரை." பிஎச்பிக்குப் பூச்சியமும், "0" என்ற சரமும், 'நல்'லும், வெற்றுச் சரமும் எல்லாமே பொய். ஒடியல் முடிந்ததை அது பட்டியல் முடிந்ததாக எடுத்துக்கொண்டது. கடையில் எல்லாப் பொருளும் இருக்கிற காலத்தில் இந்தக் கோட் பிழையின்றி ஓடும், அதனால்தான் சோதனையில் பிடிபடவில்லை.

'ஃபெட்ச் கொலம்' நிரை முடிந்தாலும் 'ஃபோல்ஸ்' தருகிறது என்பதால், பூலியன் மதிப்பு வரக்கூடிய புலத்துக்கு மூன்று சமக்குறியும் முழுதாகக் காப்பாற்றாது. புலத்தை முழுவதுமாக ஒரு அரேயாக எடுங்கள், அல்லது முழு நிரையை எடுத்து உள்ளே பாருங்கள். முழு நிரை ஒரு அரே, அதில் ஒரு புலமாவது இருக்கும், ஆகவே பொய்யாகாது.

இதே காரணத்துக்காக 'எம்ப்டி'யையும் தரவுத்தள மதிப்பில் பாவிக்காதீர்கள். கடன் பாக்கி "0" உள்ள நல்ல வாடிக்கையாளரை அது "தகவல் இல்லை" என்று காட்டும். பாக்கியைக் கட்டிமுடித்த மனிதருக்குச் செய்யக்கூடாத அவமரியாதை அது.

இல்லாத ஆளையும் "இருக்கிறார்" என்கிறது

'செலெக்ற் கவுண்ட்' எழுதிவிட்டு நிரைகளின் எண்ணிக்கையைப் பார்க்கிறீர்கள். 'கவுண்ட்' எப்போதும் ஒரு நிரை தரும். பொருந்துவது ஒன்றுமில்லாவிட்டால் அந்த நிரையில் பூச்சியம் எழுதியிருக்கும். நிரை எத்தனை என்று கேட்காதீர்கள், மதிப்பு என்ன என்று கேளுங்கள். இருக்கிறாரா இல்லையா என்பது மட்டும் தேவையென்றால் "1 ஐத் தெரிவுசெய், லிமிற் 1" போதும்.

'சம்' இன்னும் வஞ்சகமானது. ஒரு விற்பனையும் இல்லாத நாளுக்குக் கூட்டுத்தொகை பூச்சியமல்ல, 'நல்'. வினவலிலேயே 'கோலெஸ்' போட்டுப் பூச்சியமாக்கிவிடுங்கள்.

நிரை எண்ணிக்கை எப்போதும் பூச்சியம்

மைஎஸ்கியூஎல்ஐயில் 'பிரிப்பேர்' செய்த வினவலின் 'நம் ரோஸ்', 'ஸ்டோர் ரிசல்ட்' அழைக்கும்வரை பூச்சியமாகவே இருக்கும். அதை அழையுங்கள், அல்லது 'கெற் ரிசல்ட்' எடுங்கள். பிடிஓவின் 'ரோ கவுண்ட்' 'செலெக்ற்'றுக்கு எல்லாத் தரவுத்தளத்திலும் உத்தரவாதமில்லை. மைஎஸ்கியூஎல்லில் சரியாக வரும், எஸ்கியூலைற்றுக்கு மாறினால் பூச்சியம் காட்டும்.

சேமித்தாலும் "மாற்றம் தோல்வி" என்கிறது

வாடிக்கையாளர் விபரத்தைத் திறந்து, ஒன்றையும் மாற்றாமல் சேமிப்பை அழுத்தினால் சிவப்புச் செய்தி. 'அஃபெக்ரட் ரோஸ்' பூச்சியமென்றால் தோல்வி என்று எழுதியிருக்கிறீர்கள். மைஎஸ்கியூஎல் இங்கே பொருந்திய நிரைகளை எண்ணாது, உண்மையில் மாறியவற்றையே எண்ணும். பழைய மதிப்பும் புதிய மதிப்பும் ஒன்றென்றால் விடை பூச்சியம். பொருந்தியதை எண்ண வேண்டுமென்றால் இணைப்பின்போது 'ஃபவுண்ட் ரோஸ்' என்ற தெரிவைக் கொடுக்கலாம். 'ஒன் டூப்ளிகேற் கீ அப்டேற்' பாவித்தால் கணக்கு வேறு: புதிதாகப் பதிந்தால் 1, இருந்ததை மாற்றினால் 2, மாறாவிட்டால் 0. "ஒரு நிரைதானே, ஏன் 2?" என்று தலையைப் பிய்க்க வேண்டாம்.

வீட்டில் ஓடுகிறது, சேர்வரில் அட்டவணை இல்லையாம்

வின்டோஸில் எக்ஸ்ஏஎம்பிபி (சொந்தக் கணினியில் ஓடும் சேர்வர்த் தொகுப்பு) வைத்து எழுதியிருப்பீர்கள். அங்கே அட்டவணைப் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்றுதான். லினக்ஸ் சேர்வரில் அவை வேறு வேறு. எல்லாப் பெயரையும் சிறிய எழுத்தில் வையுங்கள். இதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை.

விடியற்காலை விற்பனை "இன்று" பட்டியலில் வரவில்லை

சுன்னாகம் சந்தைக்கு மரக்கறி விடியமுன்னம் வந்துவிடும். கடைக்காரர் காலை 4.30க்குப் பதிந்தது "இன்றைய கொள்வனவு" பக்கத்தில் இல்லை. 5.30 தாண்டியதும் தானாக வந்துவிடுகிறது. நேரத்தைக் கேட்டவுடன் காரணம் தெரிந்துவிடும்: எங்கள் நேரம் உலகப் பொது நேரத்துக்கு ஐந்தரை மணி முந்தியது. பிஎச்பி கொழும்பு நேரத்தில் திகதியை எழுதுகிறது. தரவுத்தளம் பொது நேரத்தில் இருப்பதால் அதன் 'கேர்டேற்' காலை 5.30 வரை நேற்றைய திகதியைத்தான் சொல்லும். வினவல் சரி, நிரையும் இருக்கிறது, கேள்வி நேற்றைப் பற்றியது.

இணைத்தவுடன் அந்த இணைப்பின் நேர வலயத்தை "+05:30" என்று அமைத்துவிடுங்கள். ஊர்ப் பெயரால் அமைக்க நேர வலய அட்டவணைகள் சேர்வரில் ஏற்றப்பட்டிருக்க வேண்டும், பல இடங்களில் ஏற்றியிருக்கமாட்டார்கள். மாத அறிக்கையில் கடைசி நாள் மட்டும் குறைந்தால் அது வேறு: "1 முதல் 31 வரை" என்று திகதியும் நேரமும் உள்ள புலத்தில் கேட்டால் 31 ஆம் திகதி தொடங்கும் நள்ளிரவோடு நின்றுவிடும். "அடுத்த மாதம் 1க்குக் குறைவு" என்று கேளுங்கள்.

கண்முன்னே இருக்கிற "கொக்குவில்" தேடலில் கிடைக்கவில்லை

தமிழில் தரவு வைத்திருக்கும் எல்லோரும் ஒருநாள் இதற்குள் விழுவார்கள். ஆங்கிலத்தில் வரும் உதவிகளில் இதற்கு விடை இருக்காது, ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் திரையைப் பாருங்கள். தமிழ் எழுத்துக்குப் பதில் கேள்விக்குறிகள் வந்தால் இணைப்பின் எழுத்துக்குறி முறை பிழை. 'செற் சார்செற்' மூலம் 'யூடிஎஃப்8எம்பி4' ஆக்குங்கள். ஆனால் கேள்விக்குறியாகவே சேமிக்கப்பட்டவை திரும்பி வராது, மறுபடி பதிய வேண்டும். பழைய 'யூடிஎஃப்8' மூன்று பைற் வரைதான் ஏற்கும். தமிழ் எழுத்துக் குறிகள் ஒவ்வொன்றும் மூன்று பைற் என்பதால் தமிழ் அதில் தப்பிவிடும், எமோஜி தப்பாது.

எழுத்து ஒழுங்காகத் தெரிந்தும் தேடல் பூச்சியம் தந்தால், "கொ" எப்படிச் சேமிக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். யூனிகோட்டில் ககரத்துக்குப் பின் ஒகரக் குறி ஒன்றாக வரலாம். அல்லது எகரக் கொம்பும் ஆகாரக் காலும் இரண்டு குறிகளாக வரலாம். திரையில் இரண்டும் ஒன்றே. சந்தேகமான நிரையில் 'லெங்த்' கேளுங்கள். முதல் வகை "கொக்குவில்" 10 குறிகள், 30 பைற். இரண்டாம் வகை 11 குறிகள், 33 பைற். பிஎச்பியின் மூன்று சமக்குறிக்கும், தரவுத்தளத்தின் 'பின்', 'ஜெனரல்' என்ற எழுத்து ஒப்பீட்டு ஒழுங்குகளுக்கும் இவை இரண்டு வெவ்வேறு ஊர்கள். கோண்டாவில், கோப்பாய், கொடிகாமம் எல்லாவற்றுக்கும் இதே ஆபத்து.

எங்கிருந்து வருகிறது? இங்கே பழைய பட்டியல்கள் பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் அடித்தவை. பாமினியில் கொம்பு ஒரு விசை, ககரம் ஒரு விசை, கால் ஒரு விசை. அதை எழுத்து எழுத்தாக யூனிகோட்டுக்கு மாற்றினால் கொம்பும் காலும் பிரிந்தே நிற்கும். புதிதாக அடிக்கிற பெயர்கள் சேர்ந்த ஒகரக் குறியோடு வரும். மாற்றாமலே விட்ட பாமினித் தரவென்றால் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான், தமிழில் தேடிக் கிடைக்கவே கிடைக்காது.

தீர்வு, பிஎச்பியின் 'இன்ரல்' நீட்சியில் உள்ள 'நோர்மலைசர்'. 'ஃபோர்ம் சி' என்ற வடிவம் கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியாக்கும். பதியும்போதும் தேடும்போதும் இரண்டு பக்கமும் அதன் வழியே போகட்டும், முன்பின் இடைவெளிகளையும் அதோடு வெட்டுங்கள். ஒன்றை மட்டும் அது திருத்தாது: "சௌ" என்ற எழுத்தைச் சிலர் கொம்பும் ளகரமும் வைத்து "செள" என்று அடிப்பார்கள். யூனிகோட்டுக்கு அது நியாயமான இன்னொரு சொல். அப்படியான பெயர்களைத் தேடி எடுத்து ஒருவர் கண்ணால் பார்த்துத்தான் திருத்த வேண்டும்.

பழைய நிரைகளை ஒருமுறை சீராக்கும்போது, பெயரும் ஊரும் சேர்ந்த தனித்துவச் சுட்டி (ஒரே மதிப்பை இரண்டு தரம் வரவிடாதது) வைத்திருந்தால் சில இடங்களில் 1062 வந்து நிற்கும். பயப்பட வேண்டாம். ஒரே மனிதர் இரண்டு "கொக்குவில்"களில் இரண்டு கணக்காக இருந்திருக்கிறார் என்று அர்த்தம், அவருடைய கடன் பாக்கியும் இரண்டாகப் பிரிந்து கிடந்திருக்கிறது. மருதனார்மடக் கடையிலும் அப்படி வந்தது. நான் எதையும் அழிக்காமல், மோதிய நிரைகளைத் தனியாக அச்சடித்துக் கடைக்காரரிடம் கொடுத்தேன். அவர் கடன் கொப்பியை எடுத்து, ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் பார்த்து, எது எதோடு சேரும் என்று சொன்ன பிறகுதான் சேர்த்தேன்.